இரண்டாவது வாய் பட்டாணிக்கு

கொஞ்சம் நகர்ந்து உட்காருகிறீர்களா அம்மா? இந்தக் கூடையை நடுவில் வைத்துக்கொள்கிறேன். பயப்படாதீர்கள், நாய் கடிக்காது. கடிப்பதற்குப் பல் வேண்டும். இதற்கு மொத்தமே ஒன்பது பல்தான் மிச்சம். உங்கள் கோழியைப் பார்த்தும் தலையைத் தூக்கவில்லை, கவனித்தீர்களா? அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு முன்னால் என்றால் இந்த வராண்டாவில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்டிருக்காது.

உங்களுக்கு டோக்கன் எத்தனை? பதினெட்டா. எனக்குப் பதினேழு. உள்ளே பதின்மூன்று ஓடுகிறது. நடுவில் மாடு ஒன்று வந்துவிட்டால் அரை மணி நேரம் போய்விடும். கோழிக்குக் காலா? ஸ்கூட்டர் ஏறிவிட்டதா? அது பிழைத்துக்கொள்ளும். கண் சுறுசுறுப்பாக இருக்கிறது. இதன் கண்ணைப் பாருங்கள்.

நேற்று மத்தியானம் ஒன்றேகால் மணிக்குச் சாப்பிட்டது. அதற்குப் பிறகு ஒரு பருக்கை இல்லை. தண்ணீர், ஊசி கழற்றிய சிரிஞ்சில் கன்னத்தோரமாக நான் விட்டதுதான். அதிலும் பாதி என் சட்டையில். இன்று காலை பிடரித் தோலைக் கிள்ளித் தூக்கிப் பார்த்தேன். டாக்டரம்மா சொல்லிக்கொடுத்த சோதனை அது. விட்டவுடன் தோல் படிய வேண்டும். படியவில்லை. கூடாரம் மாதிரி நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று எண்ணும் வரைக்கும் நின்றது. உடம்பில் தண்ணீர் இல்லை என்று அர்த்தம். பதினொரு வயது, இரண்டு கிலோ எடை, சிறுநீரகம் வேறு பலவீனம். இதற்கெல்லாம் ஒரு நாள் தண்ணீர் இல்லாமல் போவது, நமக்கு ஒரு வாரம் இல்லாமல் போவது மாதிரி.

பெயரா? பட்டாணி. நான் வைக்கவில்லை. என் மனைவி வைத்தாள். மூன்று தெரு தள்ளி ஒரு வீட்டில் ஐந்து குட்டி போட்டிருந்தது. அதில் கடைசி, யாரும் வேண்டாம் என்று விட்டது. முந்தானையில் போட்டுக்கொண்டு வந்தாள். அன்றைக்கு நிஜமாகவே பட்டாணிதான். நாய் என்று ஒப்புக்கொள்ளவே எனக்கு ஒரு வாரம் ஆனது.

நான் பேசுவது புத்தகம் படிக்கிற மாதிரி இருக்கிறதா? எல்லாரும் சொல்வதுதான். தொழில் அப்படி. முப்பத்தெட்டு வருஷம் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தினேன். தினசரி காலண்டர், பள்ளிக்கூட நோட்ஸ், கல்யாணப் பத்திரிகை. காலண்டரில் ஒரு நாள் அஷ்டமி தள்ளிப் போனால் எத்தனை ஊரில் எத்தனை கல்யாணம் தள்ளிப் போகும் தெரியுமா? என் கண்ணில் படாமல் ஒன்று தள்ளிப் போனதில்லை. ஒரு பக்கம் வரும். பிழை இருந்தால் ஓரத்தில் குறி போடுவோம். பிழை இல்லையென்றால் சும்மா கடந்துவிடுவோம். ‘ஆகா, அழகான பக்கம்’ என்று யாரும் எழுதுவதில்லை. குறி இல்லாமல் திரும்பி வந்தால் அதுதான் பாராட்டு. அச்சுக் கோப்பவனுக்கு இது தெரியும். தங்கபுஷ்பத்துக்குத்தான் முப்பத்து நான்கு வருஷமாகத் தெரியவில்லை.

தங்கபுஷ்பம் என் மனைவி. தூத்துக்குடியில் இருக்கிறாள். தங்கைக்கு முழங்கால் ஆபரேஷன் என்று போனாள். பத்து நாள் என்று சொல்லிவிட்டுப் போனவள், இன்றைக்கு முப்பத்தொன்றாம் நாள். தங்கை எழுந்து மாடிப்படி ஏறுகிறாளாம். இவள்தான் வரவில்லை.

சண்டையெல்லாம் ஒன்றுமில்லை. போவதற்கு முந்தின நாள் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். நான் வழக்கம்போல முகர்ந்து பார்த்துவிட்டுச் சாப்பிட்டேன். பக்கத்தில் நின்று, “நல்லா இருக்கா?” என்றாள். “உப்பு சரியாக இருக்கிறது” என்றேன். “அவ்வளவுதானா?” என்றாள். “வேறு எதில் பிழை?” என்று கேட்டேன். எவ்வளவு பெரிய பாராட்டு அது! நீங்களே சொல்லுங்கள். மறுநாள் காலை ஆறரை பஸ்ஸுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். வாசலில் நின்று நாயிடம்தான் போய்வருகிறேன் என்று சொன்னாள்.

சரி, நாய்க்கு வருகிறேன்.

முதல் இரண்டு வாரம் அவள் வைத்துவிட்டுப் போன பிஸ்கட் டப்பாவை வைத்துச் சமாளித்தேன். பாலில் ஊறப்போட்டால் பாதி தின்னும். பிறகு அதுவும் குறைந்தது. பதினாறாம் நாள் அறவே நின்றது. நான் என்ன சும்மா இருந்தேனா? நூலகத்திலிருந்து மூன்று புத்தகம் எடுத்துவந்தேன். ஒன்றில் வெறும் சோறும் வேகவைத்த கோழியும் என்று போட்டிருந்தது. வைத்தேன். முகர்ந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டது. சூடாக இருந்தால் வாசனை தூக்கும் என்றார்கள். சூடாக வைத்தேன். திருப்பிக்கொண்டது. ஈரலை அரைத்து இட்லியில் தடவி வைத்தேன். இட்லியைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது, வாடகைக்கு வீடு பார்க்க வந்தவன் மாதிரி. வயதான நாய்க்குக் குனிந்தால் கழுத்து வலிக்கும், தட்டை உயரத்தில் வை என்று இன்னொரு புத்தகம். என்னிடம் இருந்த பேரகராதியில் இரண்டு தொகுதியை அடுக்கி, அதன்மேல் தட்டை வைத்தேன். அந்த அகராதியை நான் யாருக்கும் இரவல் கொடுத்ததில்லை அம்மா. அதன்மேல் கோழிச்சாறு சிந்தியது.

தண்ணீரைப் பற்றிக் கேட்காதீர்கள். எவர்சில்வர் கிண்ணத்தில் வைத்தால் தன் முகம் தெரிகிறது என்று பின்வாங்கியது. மண்சட்டி வாங்கினேன். இளநீர் கொடுக்கலாம் என்று எதிர்வீட்டு மாரிக்கனி சொன்னாள். டாக்டரம்மாவுக்குப் போன் செய்தால், கிட்னி இருக்கிற இருப்புக்கு அது ஆகவே ஆகாது என்றார். மண்சட்டியில் தண்ணீரை ஊற்றி, பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீரின் அவசியத்தைப் பற்றி அதற்கு எடுத்துச் சொன்னேன். சிரிக்காதீர்கள். வேறு வழி தெரியாதவன் என்ன செய்வான்?

எனக்கு எதில் ஆத்திரம் என்றால், அந்த முகத்தில். ஒருத்தன் அடுப்படியில் கிடந்து வெந்து, கையைச் சுட்டுக்கொண்டு, ஆசையாகச் செய்து எதிரே கொண்டுவந்து வைக்கிறான். முகர்ந்து பார்த்துவிட்டு, மூக்கைச் சுளித்துக்கொண்டு, ஒரு சொல் இல்லாமல் எழுந்து போனால் செய்தவன் மனம் என்ன பாடுபடும்? நன்றாக இருக்கிறது, இல்லை, ஏதாவது ஒரு ஜாடை காட்ட வேண்டாமா? இப்படிப்பட்ட ஜீவனோடு ஒருத்தர் எத்தனை நாள் குடித்தனம் நடத்த முடியும்?

மறுபடியும் சிரிக்கிறீர்கள். நான் வேதனையோடு சொல்கிறேன், உங்களுக்குச் சிரிப்பாக இருக்கிறது.

மாரிக்கனிகூட வாசலில் நின்று, “அத்தை இல்லாம ஏங்குது மாமா, போய்க் கூட்டிட்டு வாங்க” என்றாள். “ஏக்கம் என்று ஒரு நோய் நான் படித்த மூன்று புத்தகத்திலும் இல்லை” என்றேன். “அப்ப நாலாவது புஸ்தகம் வாங்குங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவளுக்கு வாய் ஜாஸ்தி.

தங்கபுஷ்பத்திடம் சொன்னேனா என்றா கேட்கிறீர்கள்? இல்லை. தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குப் போன் வரும். எடுத்ததும், “பட்டாணி சாப்பிட்டானா?” அவ்வளவுதான். “சாப்பிட்டான்” என்பேன். “தண்ணி குடிச்சானா?” “குடித்தான்.” வைத்துவிடுவாள். முப்பத்தெட்டு வருஷம் ஒரு காற்புள்ளிகூடப் பொய்யாக விட்டதில்லை நான். ஐந்து நாள் தொடர்ந்து பொய் சொன்னேன். அவள் ஒப்படைத்துவிட்டுப் போனது ஒன்றே ஒன்று. அதைக்கூட என்னால் பார்த்துக்கொள்ள முடியவில்லை என்று எப்படிச் சொல்வது? இது போய்விட்டால் அவள் திரும்பி வருவதற்கு அந்த வீட்டில் வேறு காரணம் என்ன இருக்கிறது என்று ஒரு நாள் யோசித்துப் பார்த்தேன். விட்டுவிட்டேன்.

இன்னொன்றும் கவனியுங்கள். நான் சாப்பிட்டேனா என்று ஒரு நாளாவது கேட்டாளா? கேட்கவில்லை. இது என்ன நியாயம்?

நானா? நான் எதற்கு அவளைக் கேட்க வேண்டும்? சமைக்கிறவளுக்குச் சாப்பிடத் தெரியாதா?

சரி, சரி. கேளுங்கள். இருபத்தொன்றாம் நாள் இதே பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். அன்றைக்கும் தோல் நின்றது. ஈறு பிசுபிசு என்று ஒட்டியது. டாக்டரம்மா தோலுக்கடியில் சலைன் ஏற்றினார். முதுகில் ஒரு திமில் மாதிரி தண்ணீர் நின்றது. ஏற்றிக்கொண்டே கேட்டார்: “வீட்ல எந்த இடத்துல சாப்பிடுவான் சார்?”

“அடுப்படியில் என்று நினைக்கிறேன்.”

“எத்தனை மணிக்கு?”

“மத்தியானம். என் மனைவி சாப்பிடும் நேரத்தில் இருக்கலாம்.”

“அவங்க எத்தனை மணிக்குச் சாப்பிடுவாங்க?”

எனக்குத் தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை அம்மா. ஒரு மணிக்கு எனக்குப் பரிமாறுவாள். நான் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு முன்னறைக்குப் போய்ப் பேப்பர் எடுப்பேன். அதற்குப் பிறகு அடுப்படியில் என்ன நடக்கிறது என்று நான் பார்த்ததில்லை. பாத்திரச் சத்தம் கேட்கும், ஏதோ பேச்சுச் சத்தம் கேட்கும். ரேடியோ என்று நினைத்திருந்தேன்.

டாக்டரம்மா சிரிஞ்சைப் பிடித்தபடி என்னையே பார்த்தார். “அவங்க சாப்பிட்டு நீங்க பாத்ததே இல்லையா சார்?”

“நாயைப் பற்றித்தானே கேட்கிறீர்கள்?” என்றேன்.

அவர் கூடையை என் கையில் கொடுத்து, “சலைன் நாளைக்கு மத்தியானம் வரைக்கும்தான் தாங்கும். அதுக்குள்ள அவனா வாய வச்சு எதாவது சாப்பிடணும். அவங்களுக்குப் போன் பண்ணிக் கேளுங்க. வெக்கப்படாதீங்க” என்றார்.

வெட்கம் என்று எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை.

வீட்டுக்குப் போய்ப் போன் செய்தேன். “புஷ்பம், பட்டாணி ஐந்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை” என்றேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

“எங்க வச்சுக் குடுக்கீங்க?” என்றாள்.

“அகராதிமேல்.”

“என்னத்து மேல?”

“அதை விடு. நீ எப்படிக் கொடுப்பாய், அதைச் சொல். அளவு, நேரம், சூடு.”

“அளவெல்லாம் ஒண்ணும் கிடையாது. பின்கதவுப் பக்கம் கிரைண்டருக்குக் கீழ தரையில உக்காருங்க. நான் அங்கதான் உக்காந்து சாப்பிடுவேன். உங்க தட்டுல என்ன இருக்கோ அதத்தான் அதுக்கும் குடுக்கணும். மொத வாய் நீங்க. ரெண்டாவது வாய் அதுக்கு.”

“அதற்கு உப்பு ஆகாதே.”

“அப்ப நீங்களும் உப்பில்லாம சாப்பிடுங்க. நான் ரெண்டு வருசமா எப்படிச் சாப்பிடுதேனாம்?”

இரண்டு வருஷம். டாக்டர் அதற்கு உப்பை நிறுத்தச் சொல்லி இரண்டு வருஷம் ஆகிறது. எனக்கு வைத்த குழம்பில் உப்பு சரியாகத்தான் இருந்தது, நான் சொன்னேனே.

“இன்னொண்ணு” என்றாள். “அது உங்க மூஞ்சியப் பாக்கும்.”

“என் முகத்துக்கு என்ன?”

“சாப்பிடும்போது உங்க மூஞ்சி எப்படிப் போகும்னு அதுக்குத் தெரியும். நீங்களே மூக்கச் சுளிச்சிட்டுக் குடுத்தா அது எப்படி நம்பி வாங்கும்? மொத வாய் வச்சதும் நல்லா இருக்குன்னு சொல்லணும். நான் ஒவ்வொரு நாளும் சொல்வேன். ‘நல்லா இருக்குடா பட்டாணி’ன்னு சொல்லிட்டுத்தான் குடுப்பேன்.”

“நீ சமைத்ததை நீயே நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொள்வாயா?”

“யாராவது சொல்லணும்லா” என்றாள்.

மறுநாள் மத்தியானம் ஒரு மணிக்குப் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தேன். அவள்தான் அப்படி வைக்கச் சொன்னாள். சோறு குழைந்திருந்தது. கோழி தண்ணீரில் வெந்து நார் நாராக இருந்தது. உப்பு, வெங்காயம், பூண்டு, ஒன்றும் கிடையாது. முழங்கால் இரண்டும் சத்தம் போட, தரையில் உட்கார்ந்தேன். அந்த மூலையிலிருந்து பார்த்தால் எங்கள் வீடே வேறு மாதிரி இருக்கிறது அம்மா. முன்னறை நாற்காலியின் முதுகு மட்டும் தெரிகிறது. என் நாற்காலிதான்.

பட்டாணி இரண்டடி தள்ளிப் படுத்து என்னையே பார்த்தது. முதல் வாய் வைத்தேன். எவ்வளவு அடக்கியும் முகம் தானாகக் கோணியது. பட்டாணி தலையைத் திருப்பிக்கொண்டது.

“சுளிச்சிட்டீங்களா?” என்றது போன்.

“இது வாயில் வைக்க முடியவில்லை புஷ்பம். எப்படி நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியும்?”

“சொல்லிப் பாருங்க.”

“பொய் சொல்ல வேண்டுமா?”

“அஞ்சு நாளா எங்கிட்டச் சொன்னீங்களே.”

அதற்கு மேல் என்ன வாதாடுவது? இரண்டாவது வாய் எடுத்தேன். பட்டாணியின் விலா எலும்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே மென்றேன். வேறு எதையும் நினைக்கவில்லை. இது போய்விடக் கூடாது, இது போய்விடக் கூடாது, அது மட்டும்தான். “நன்றாக இருக்கிறது” என்றேன். காது லேசாக அசைந்தது. அவள் சொல்கிற மாதிரியே சொல்லிப் பார்த்தேன்: “நல்லா இருக்குடா.” தலையைத் தூக்கியது. “ரொம்ப நல்லா இருக்கு” என்றேன். சத்தமாகவே சொன்னேன். பட்டாணி எழுந்து, நாலு கால் நடுங்க என் தொடை வரைக்கும் வந்து, விரலை முகர்ந்தது. நக்கியது. பிறகு வாயைத் திறந்து வாங்கிக்கொண்டது.

ஆறு வாய் தின்றது அம்மா. என் டம்ளரை நான் குடித்துவிட்டுக் கீழே சாய்த்தேன், அதிலேயே நக்கி நக்கிக் குடித்தது. மண்சட்டி பக்கத்திலேயே இருந்தது, அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நான் என்னை அறியாமல் நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

போனில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. “யார்ட்டச் சொன்னீங்க?” என்றாள்.

“பட்டாணியிடம்தான். இங்கே வேறு யார் இருக்கிறார்கள்?”

போன் கட்டாகிவிட்டது. தூத்துக்குடியில் சிக்னல் சரியில்லை போல.

அதிலிருந்து ஒன்பது நாள் ஒழுங்காகப் போனது. சாயங்காலப் போன் நின்றுவிட்டது. அதற்குப் பதில் மத்தியானம் ஒரு மணிக்கு அடிப்பாள். “கீழ வைங்க” என்பாள். நாங்கள் சாப்பிட்டு முடிக்கும் வரை ஒன்றும் பேசமாட்டாள். முடிந்ததும் வைத்துவிடுவாள். பட்டாணி சாப்பிடுகிறதா என்று சரிபார்க்கிறாள். என்மேல் நம்பிக்கை கிடையாது. போகட்டும் என்று விட்டுவிட்டேன். பட்டாணிக்கும் பழகிவிட்டது. ஒரு மணியானால் கிரைண்டருக்குக் கீழே போய், போன் வைக்கிற இடத்தில் மூக்கை வைத்துக்கொண்டு காத்திருக்கும்.

நேற்றுதான் கெட்டது. எதனால் என்றுதான் எனக்குப் புரியவில்லை. நீங்கள் பொறுமையாகக் கேட்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். எங்காவது பிழை தெரிந்தால் சொல்லுங்கள்.

நேற்று மத்தியானம் வழக்கம்போலச் சாப்பிட்டு முடித்தோம். எட்டு வாய் தின்றது. அவள் வைக்கவில்லை. ஏதோ சொல்ல வந்தவள் மாதிரி இருந்தாள். பிறகு கேட்டாள், “நான் வந்தா நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைக்கட்டுமா?” என்று.

நான் யோசிக்காமலா பதில் சொல்வேன்? ஒன்பது நாள் பாடுபட்டுத் தேற்றியிருக்கிறேன். “பட்டாணிக்கு உப்பு ஆகாது, கருவாடு முழுக்க உப்பு” என்றேன். சரியான பதில்தானே? டாக்டர் சொன்னது. அவளே சொன்னது.

“சரி” என்று வைத்துவிட்டாள்.

நேற்றுச் சாயங்காலம் தட்டோடு உட்கார்ந்தேன். முதல் வாய் வைத்தேன். நல்லா இருக்கு என்றேன், முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. திரும்பிக்கொண்டது. இன்று காலையிலும் அப்படியே. போனைக் கீழே வைத்துவிட்டால் அதன் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்கிறது. தூக்கினால் தலையைத் தூக்குகிறது. வைத்தால் படுத்துக்கொள்கிறது. நானும் இரண்டு வேளையாக ஒன்றும் சாப்பிடவில்லை. அது சாப்பிடாமல் எனக்கு எப்படி இறங்கும்? இன்று ஒரு மணிக்கு அந்தப் போன் அடிக்குமா என்றும் தெரியவில்லை.

என்னம்மா? ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள்? கருவாடு ஆகாது என்று சொன்னதில் என்ன தப்பு?

நாய்க்கா கேட்டாள்? பின்னே?

...

இல்லை, இருங்கள். அவள் சொன்னதைச் சரியாகச் சொல்கிறேன். ‘நான் வந்தா.’ நான் வந்தால் வைக்கட்டுமா என்றுதான் கேட்டாள். அதில் நாய் இல்லை. நாயைப் பற்றி அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூட இல்லை. முப்பத்தெட்டு வருஷம்... ஒரு அஷ்டமி தள்ளிப் போனதில்லை என்றேனே.

மணி என்ன ஆகிறது? பன்னிரண்டு ஐம்பதா?

பதினேழைக் கூப்பிடுகிறார்கள், கேட்கிறது. நீங்கள் முந்திப் போங்கள் அம்மா. கோழியை உள்ளே காட்டுங்கள், நான் பதினெட்டாக வருகிறேன். இல்லை, கூடையை எடுக்காதீர்கள், அது இங்கேயே இருக்கட்டும். போன் அதற்கும் கேட்க வேண்டும். ஒரு நிமிஷம், இந்தக் கண்ணாடி... நம்பர் தெரியவில்லை எனக்கு. பச்சையை அழுத்திக் கொடுத்துவிட்டுப் போகிறீர்களா?

என்ன சொல்வது என்று தெரியும். ஒன்பது நாளாகச் சொல்லிப் பழகியிருக்கிறேன்.

அடிக்கிறது. பாருங்கள், தலையைத் தூக்குகிறது.